இணைப்பில் உள்ள குளம்

05.02.2025, புதன்

இன்றைய பிழை: ஓர் எழுத்து. 'க' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கு' என்று அடித்திருக்கிறேன். அடித்தது டிசம்பர் 18ஆம் தேதி. தெரிந்தது இன்று.

நீடாமங்கலத்தில் நான் மாலையில் போகும் போட்டித் தேர்வு வகுப்பில், மாதிரித் தேர்வில் தவறிய விடைகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்வார்கள். நான் ஆபீஸ் பிழைகளையும் அதிலேயே எழுதுகிறேன். பிழை, காரணம், திருத்திய தேதி. அதனால் இதையும் முறையாக எழுத வேண்டும்.

தஞ்சாவூர் மாவட்டத் தாலுகா அலுவலகம் ஒன்றில் நான் தற்காலிகக் கணினி இயக்குபவள். போன நவம்பர் மழையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் சம்பாப் பயிர் அழுகிப்போனது பற்றிப் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. யாரும் வழக்குப் போடவில்லை. உயர் நீதிமன்றம் தானாகவே அந்தச் செய்தியை வழக்காக எடுத்துக்கொண்டது. குளம், ஏரி, வாய்க்கால்களில் உள்ள ஆக்கிரமிப்புகளின் பட்டியலை இரண்டு வாரத்தில் கொடுக்கும்படி ஒவ்வொரு தாலுகாவுக்கும் உத்தரவு வந்தது. கிராம நிர்வாக அலுவலர்கள் கையால் எழுதிய தாள்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். எல்லா வகைப் புறம்போக்கும் அதில் கலந்து கிடந்தது. நீர்நிலைகளை மட்டும் பிரித்து அடிப்பது என் வேலை. 212 வரிசைகள். இரண்டு நாள்.

வரிசை எண் 131: மருதன்கோட்டகம் கிராமம், புல எண் 87/3, பதினான்கு வீடுகள். வகைப்பாடு: குளம்.

இன்று கோப்பில் வைப்பதற்காக, அந்த ஊரின் நில வகைகளைச் சொல்லும் அ-பதிவேட்டின் நகலை எடுத்தேன். அதில் 'களம்' என்று இருக்கிறது. நெல் அடிக்கும் களம். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதிலும் களம்தான். அதற்கு மேலே ஒன்பது வரிகளும் குளம், கீழே நான்கு வரிகளும் குளம். நடுவில் இருந்ததையும் என் கண் குளம் என்றே படித்துவிட்டது. புல எண்களை இரண்டு முறை சரிபார்த்தேன். பரப்பளவை மூன்று முறை. வகைப்பாட்டை ஒரு முறைகூடச் சரிபார்க்கவில்லை. எளிய சொல் என்று விட்டுவிட்டேன்.

களம் என்று படித்திருந்தால் அந்த வரிசையே பட்டியலுக்குள் வந்திருக்காது.

ஜனவரி 22 அன்று நீதிமன்றம் எங்கள் பட்டியலைத் தன் உத்தரவோடு இணைப்பாகச் சேர்த்துவிட்டது. இணைப்பில் உள்ளவை அனைத்தையும் பிப்ரவரி 13க்குள் இடித்து அகற்ற வேண்டும். நேரில் ஆய்வு செய்து தயாரித்த பட்டியல் என்பதால் எந்த அதிகாரியும் இனி ஆட்சேபணை மனு வாங்கக் கூடாது. தவறினால் 14ஆம் தேதி அதிகாரிகள் நீதிபதி முன் நிற்க வேண்டும்.

எட்டு நாள் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சின்னப் பிழைதான் என்று முதலில் எழுதினேன், பிறகு அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

06.02.2025, வியாழன்

காலை பத்தே முக்காலுக்கு மருதன்கோட்டகத்திலிருந்து ஒரு பெண் நோட்டீஸோடு வந்தார். பெயர் மரியபுஷ்பம். ஐம்பது வயது இருக்கும். நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கூட்டிப் போகிறவர். ஆபீஸில் இருந்தவர்களையும் வேலைக்கு வந்த ஆட்களைப் பார்ப்பதுபோல் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் துணைத் தாசில்தார் இராஜாங்கம் சாரிடம் போனார்.

"சார், நாங்க குளத்துல வீடு கட்டியிருக்கோம்னு இதுல போட்டிருக்கு. எந்தக் குளம் சார்?"

"உங்க வீடு இருக்குற எடம்தான்மா."

"நவம்பர்ல ஊரே முழங்கால் தண்ணில நின்னுச்சு. எதுத்த தெரு சனமெல்லாம் எங்க வீட்டுலதான் வந்து ஏறி உக்காந்துச்சு. என் வாசல்ல போட்ட கோலம் அழியல. அதப் போயி குளங்கிறீங்க. மீனு கீனு புடிச்சீங்களா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். இராஜாங்கம் சாரும் சிரித்தார். பிறகு நோட்டீஸை மடித்து அவரிடமே கொடுத்தார்.

"எங்க கையில ஒண்ணுமில்லம்மா. கோர்ட்டு உத்தரவு. மனுவே வாங்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"கோர்ட்டு எங்க ஊருக்கு வந்து பாத்துச்சா?"

"வரல."

"அப்ப அவங்களுக்கு யாரு சொன்னது குளம்னு?"

"பட்டியல் போச்சு."

"யாரு போட்ட பட்டியல்?"

"ஆபீஸ்லேர்ந்து போனதுதான்."

"ஆபீஸ கேட்டா கோர்ட்டுங்கிறீங்க. கோர்ட்ட கேட்டா ஆபீஸும்பாங்க. நாங்க எங்க சார் போயி நிக்கிறது?"

இந்த நேரம் முழுவதும் நான் ஒரு வருமானச் சான்றிதழை அடித்துக்கொண்டிருந்தேன். தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே பெயரை நான்கு முறை அடித்திருந்தேன். போகும்போது அவர் என் மேசையில் நின்று, "ஏம்மா, குடிக்கத் தண்ணி இருக்கா?" என்று கேட்டார். பாட்டிலைக் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும் வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே அறுவடை இயந்திரம் ஒன்று ரோட்டில் போனது. பொக்லைன் வந்துவிட்டது என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டேன். தாலுகா முழுக்க அறுப்பு நடக்கிறது. இனி 13ஆம் தேதி வரை இந்தச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

07.02.2025, வெள்ளி

ரயில்வே கேட்டில் பஸ் இருபத்தைந்து நிமிடம் நின்றது. வகுப்புக்குத் தாமதம். வானதி மேடம் பலகையில் மூன்று கட்டம் போட்டிருந்தார்: சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை. அவரும் குரூப் ஒன் தேர்வுக்குப் படித்துக்கொண்டே எங்களுக்கு எடுக்கிறவர்தான். இன்றைய பாடம் அதிகாரப் பிரிவினை. அதற்குள் ஓர் உட்தலைப்பு: நீதித்துறைச் செயல்முனைப்பு. நிர்வாகம் செய்யாததை நீதிமன்றம் செய்ய வைப்பது. எல்லை தாண்டினால் அதற்கு வேறு பெயர். இரண்டையும் வேறுபடுத்துக, ஐந்து மதிப்பெண்.

நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் நான் கேள்வி கேட்பது அபூர்வம்.

"மேடம், நிர்வாகம் தப்பான தகவல் குடுத்து, நீதிமன்றம் அத வெச்சே உத்தரவு போட்டுட்டா, அந்தத் தப்பு எந்தக் கட்டத்துல இருக்கு?"

"சிலபஸ்ல இல்லாததக் கேக்காதீங்க பூர்ணிமா," என்று அவர் சிரித்தார். ஆனால் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

பின்வரிசையில் இருந்த ஆல்பின் விடவில்லை. அவனுக்கு நீடாமங்கலத்துக்குத் தெற்கே குத்தகை நிலம் மூன்று ஏக்கர். நவம்பரில் மொத்தமும் போய்விட்டது.

"கோர்ட்டு எல்லை தாண்டுதுன்னு சொல்றவங்க யாரும் பதினோரு நாள் தண்ணில கெடந்த பயிர மோந்து பாத்ததில்ல மேடம். நாங்க குடுக்காத மனுவா? கலெக்டர் ஆபீஸ்ல என் மொகம் வாட்ச்மேனுக்கே மனப்பாடம். கோர்ட்டு ஒரு அதட்டு போட்டுச்சு, இருபது வருஷமா தூங்குன ஃபைலு எழுந்து ஓடுது. அது எந்தக் கட்டத்துல வேணா இருந்துட்டுப் போகட்டும்."

வகுப்பு கைதட்டியது. நானும் தட்டினேன். அவன் சொன்னது உண்மைதான். மற்ற வரிசைகளையும் போட்டோக்களோடு ஒத்துப் பார்த்துவிட்டேன்; நான் தட்டச்சு செய்த 212இல் 211 வரிசைகள் சரி. அவற்றில் சில, பெரிய மனிதர்களின் செங்கல் சூளைகளும் கல்யாண மண்டபமும். அவற்றை இடிக்க வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். பட்டியலில் ஒரு பிழை என்று தெரிந்தால், அதைப் பிடித்துக்கொண்டு அவர்கள் மொத்தப் பட்டியலையும் உடைத்துவிட மாட்டார்களா? இது நேர்மையான சந்தேகமா, வாயைத் திறக்காமல் இருக்க நானே தேடிக்கொண்ட காரணமா? மூன்று முறை யோசித்தும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

08.02.2025, சனி

மருதன்கோட்டகம் போனேன். நேரில் பார்க்காமல் பயப்படுவது முறையல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்திலிருந்து ரோட்டின் ஒரு பாதி முழுவதும் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஊருக்குள் போனதும் தெரு மேலே ஏறுகிறது. ஏறும் இடத்தில் பதினான்கு வீடுகள். ஓடு, ஆஸ்பெஸ்டாஸ், மாடி இல்லாத இரண்டு காரை வீடுகள். ஒவ்வொரு சுவரிலும் சிவப்பு பெயின்ட்டில் எண். 131/1, 131/2 என்று பதினான்கு வரை. என் வரிசை எண். என் எக்செல் தாளில் இருந்த எண்ணை ஒருவர் பிரஷ்ஷால் ஒரு வீட்டின் ஜன்னலுக்குக் கீழே எழுதியிருக்கிறார்.

திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது மரியபுஷ்பம் பார்த்துவிட்டார்.

"அட, தண்ணி குடுத்த பொண்ணு! வா வா. ஏ துரைராசு, தாலுகாபீஸ்லேர்ந்து வந்திருக்கு பாரு, நாற்காலி எடு."

துரைராசு அவருடைய தம்பி. ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். மோர் கொடுத்தார்கள். நான் எதற்கு வந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நல்ல சேதி கொண்டு வந்திருப்பதாக அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

"வக்கீல்கிட்ட போனோம்மா," என்றார் துரைராசு. "பட்டியல்ல குளம்னு இருக்குற வரைக்கும் நான் ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு. எம்எல்ஏ வீட்டுக்குப் போனோம். கோர்ட்டு விசயத்துல நான் தலையிட்டா என்னயும் கூப்புடுவாங்கன்னு பயப்படுறாரு."

மரியபுஷ்பம் நோட்டீஸை என்னிடம் நீட்டினார். "நீ ஒரு தடவ சத்தமா படிம்மா. அவங்க அவங்க ஒரு அர்த்தம் சொல்றாங்க."

படித்தேன். புல எண், பரப்பளவு. பிறகு, "குளம் புறம்போக்கு."

ஒரு கிழவர் சிரித்தார். "என்னம்மா, படிச்ச புள்ள, களத்தப் போயி குளம்னு படிக்கிற? ஒழுங்கா படி."

"அப்படித்தாங்க இருக்கு."

"அதுல அப்படி இருந்தாலும் நீ களம்னு படிக்க வேண்டியதுதானே? நாப்பது வருசம் இதுலதான நெல்லு அடிச்சோம்."

"அப்ப டைப் அடிச்சவன் தப்பா அடிச்சிருக்கான்," என்றார் துரைராசு.

"அடிச்சது நான்தான்," என்றேன்.

எப்படி வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. திட்டமிட்டுச் சொல்லவில்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். மரியபுஷ்பம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மிகச் சாதாரணமாகச் சொன்னார்:

"அப்ப நல்லதாப் போச்சு. நீயே மாத்திடு. ஒரு எழுத்துதானே?"

மற்றவர்களின் முகங்களும் தெளிந்துவிட்டன. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த எழுத்து இப்போது என் கணினியில் இல்லை, ஓர் உத்தரவுக்குள் இருக்கிறது, அதைத் தொட எனக்கும் தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் அதிகாரம் இல்லை என்று எப்படிச் சொல்வது? சொல்ல முயன்றேன். பாதியில் துரைராசு உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்தார்.

"இப்ப சொன்னத அப்படியே எழுதிக் குடுத்துட்டுப் போங்க மேடம்."

அதுவரை 'ம்மா' என்றவர் 'மேடம்' என்றார். நான் எழுதவில்லை. ஆபீஸில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன். நடந்தேன் என்று எழுதுவது பொய். ஓடினேன். பின்னால் யாரும் வரவில்லை.

10.02.2025, திங்கள்

நேற்று ஒன்றும் எழுதவில்லை. எழுத எதுவும் செய்யவில்லை.

இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் இராஜாங்கம் சாரிடம் சொன்னேன். அ-பதிவேட்டு நகல், போட்டோ, பட்டியல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் டிபன் பாக்ஸை மூடினார். கதவைப் பார்த்தார்.

"நீ சொன்னத நான் கேக்கல."

"சார்..."

"மெதுவா பேசு. இந்தப் பட்டியலோட தாசில்தார் பிரமாணப் பத்திரம் ஒண்ணு குடுத்திருக்காரு, தெரியுமா? அதுல என்ன எழுதியிருக்கு? 'ஒவ்வொரு இடத்தையும் நான் நேரில் பார்வையிட்டு உறுதி செய்தேன்.' ரெண்டு வாரத்துல 212 எடம். யாரால முடியும்? ஆனா முடியலன்னு கோர்ட்டுல சொல்ல முடியுமா? எழுதியாச்சு. ஆர்ஐ, சர்வேயர், விஏஓ, நான், எல்லாரும் கீழ கையெழுத்து. இப்ப அங்க குளம் இல்லன்னா, அஞ்சு பேரு கோர்ட்டுல பொய் சொன்னோம்னு ஆகும்."

"ஆனா அங்க குளம் இல்லையே சார்."

"இருக்கணும்மா. அதத்தான் சொல்றேன். இனிமே அங்க குளம் இருந்தாகணும்." அவர் குரல் இன்னும் இறங்கியது. "வீட்டை எடுத்ததும் நூறு நாள் வேலையில வெட்டிடலாம்னு பேச்சு ஓடுது. பத்து நாள்ல குளம் வந்துடும். அப்புறம் யாரு வந்து பாத்தாலும் குளந்தான்."

எனக்கு உண்மையான பயம் அப்போதுதான் வந்தது. அதுவரை இருந்தது என் வேலையைப் பற்றிய பயம். இது வேறு. என் பிழை மேட்டில் ஒரு பள்ளமாக மாறப் போகிறது. அதில் மழைத் தண்ணீர் நிற்கும். பிறகு நான் எழுதியது சரி என்று ஆகிவிடும்.

"கலெக்டர்கிட்ட சொன்னா?"

"இணைப்புல ஒரு எழுத்த அவர் மாத்துனாலும் அவமதிப்பு. கோர்ட்டுதான் மாத்தணும். கோர்ட்டு மாத்தணும்னா நாம போய் தப்புன்னு சொல்லணும். நாம சொன்னா, ஏன் முன்னாடி சத்தியம் பண்ணீங்கன்னு கேப்பாங்க. சுத்திச் சுத்தி இங்கதான் வருது." அவர் விரலால் மேசையைத் தொட்டுக் காட்டினார். என்னைத் தொட்டுக் காட்டவில்லை. ஆனால் விரல் என் பட்டியலின் மேல் இருந்தது.

பிற்பகல் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஐந்து மணிக்கு தாசில்தார் என்னைக் கடந்து போனபோது, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை சார் என்றேன்.

11.02.2025, செவ்வாய்

தைப்பூசம், விடுமுறை. மதியம் இரண்டு மணிக்கு இராஜாங்கம் சார் வேறொரு எண்ணிலிருந்து கூப்பிட்டார். பின்னால் கோயில் மேளம் கேட்டது.

"கவனமா கேளு. மதுரையில அரசு வக்கீல் ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரு. பட்டியல தயாரிச்ச ஆளே தன் பேருல பிரமாணப் பத்திரம் குடுத்து, மூலப் பதிவேட்டு நகலையும் வெச்சா, நாளைக்குக் காலையில கோர்ட்டு ஆரம்பிக்கிறப்பவே அந்த ஒரு வரிசைக்கு மட்டும் திருத்தம் கேட்டு நீதிபதிகிட்ட சொல்றோம்கிறாங்க. கேப்பாங்கன்னு உறுதி இல்ல."

"தாசில்தாருக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது. தெரிஞ்சா நீ பஸ் ஏற மாட்ட. நேர்ல பாத்தேன்னு அவர் போட்ட கையெழுத்து உன் கையெழுத்தால பொய்யாகுது. உன் வேலை போகும், அத மனசுல வெச்சுக்க. நீதிபதி கோவப்பட்டா உன்ன அங்கயே நிறுத்திக் கேள்வி கேப்பாரு. யாரு சொல்லி அனுப்புனாங்கன்னு கேட்டா..." மேளம் நின்றது. "நான் உங்கிட்ட பேசல."

வைத்துவிட்டார்.

இரு பக்கமாகக் கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். போனால் என்ன, போகாவிட்டால் என்ன. போகாவிட்டால் என்ற பக்கத்தில் எனக்கு ஒரு கெடுதலும் இல்லை. நாளை மறுநாள் எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பக்கம் அவ்வளவு காலியாக இருப்பதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. போனால் என்ற பக்கத்தில் வேலை, வழக்கு, இனி எந்த அரசுத் தேர்விலும் சான்று சரிபார்ப்பில் என் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பு. மரியபுஷ்பம் என்றும் ஒரு வரி எழுதினேன். அதை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று தெரியாமல் நடுக்கோட்டின் மேல் எழுதியிருக்கிறேன்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டில் சொன்னால் தடுப்பார்கள். ஆல்பினைக் கூப்பிட்டேன். அவன் திட்டுவான் என்று தெரிந்தே கூப்பிட்டேன்.

முழுவதையும் கேட்டான்.

"அன்னிக்கு வகுப்புல கேட்டியே, அது இதுதானா?"

"ஆமா."

"லூசா நீ? என்கிட்ட தனியா சொல்லியிருந்தா நான் அவ்ளோ வசனம் பேசியிருக்க மாட்டேன்ல?"

"ஆல்பின், இதனால மொத்தப் பட்டியலும் செல்லாதுன்னு ஆயிட்டா? உன் ஊர் குளத்துல இருக்குற சூளைக்காரன் இத வெச்சே தப்பிச்சுட்டா?"

"ஆகலாம்," என்றான். "ஆனா களத்த வெட்டுனா என் வயல்ல தண்ணி வடிஞ்சிடுமா? எனக்கு நெசக் குளம் வேணும். பேப்பர் குளத்துல எந்தத் தண்ணியும் வடியாது. தப்பு இருக்குற பட்டியல அவனே ஒரு நாள் கண்டுபுடிச்சு உடைப்பான். நீயா போயி சொன்னா, மிச்சம் 211 நிக்கும். நின்னாலும் நிக்கும்." பிறகு, "தனியா போகாத. நானும் வரேன். அவங்க கேள்வி கேட்டா பதில் நீதான் சொல்லணும், நான் வெளில டீ குடிச்சிட்டு நிப்பேன்," என்றான்.

சிரிப்பு வந்தது. உடனே போய்விட்டது.

பிரமாணப் பத்திரத்தின் வரைவை எழுதிவிட்டேன். ஒரு பக்கம். 'எனது கவனக்குறைவால்' என்று எழுதும்போது கை நின்றது. 'பணிச்சுமையால்' என்று மாற்றினேன். மறுபடியும் 'கவனக்குறைவால்' என்றே எழுதினேன். நீதிபதி என்ன கேட்பார் என்று தெரியவில்லை. நான் எந்த மொழியில் பதில் சொல்ல வேண்டும், எங்கே நிற்க வேண்டும், கையைக் கட்ட வேண்டுமா என்பதும் தெரியவில்லை. மரியபுஷ்பத்துக்கு போன் செய்து நாளை போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர், "போயிட்டு வா. நாங்க சாமானெல்லாம் கட்டி வெச்சிட்டோம், கட்டுனத அவுக்கல," என்றார்.

நாளை, 12.02.2025, புதன்:

காலை நாலே காலுக்கு நீடாமங்கலத்தில் தஞ்சாவூர் பஸ். தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் ஆல்பின் தன் ஊரிலிருந்து வந்து நிற்பான். அங்கிருந்து மதுரை பஸ், உயர் நீதிமன்றக் கிளைக்கு ஒத்தக்கடையில் இறங்க வேண்டும். எடுத்துப் போக வேண்டியவை: அ-பதிவேட்டு நகல், விஏஓ அனுப்பிய போட்டோவின் அச்சு, பட்டியலின் ஐந்தாம் பக்கம், ஆதார் அட்டை. பத்து மணிக்குள் அரசு வழக்கறிஞர் அலுவலகம் போய், பிரமாணப் பத்திரத்தில் என் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும்.